கட்டிலுக்கடியில் ஒளித்த வேலை

பிலோமினா அக்கா தவறிவிட்டார் என்று அம்மா போனில் சொன்னபோது நான் வாணியம்பாடியில் என் பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஆம்பூரில் எங்கள் தெருப் பெண்கள் வைக்கும் இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேச வேண்டுமாம். அக்காவுக்கு மனு எழுதிக் கொடுத்தவள் நானாம். எழுந்து நின்று பேச முகமில்லை. எழுதி அனுப்புகிறேன், யாராவது படியுங்கள்.

அக்காவை அறியாதவர்களுக்காக: எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்போம். கம்பெனிக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஏஜெண்ட் மூட்டையைக் கொண்டுவந்து போடுவார், தைத்ததும் எடுத்துப் போவார். எந்தக் கம்பெனிக் காகிதத்திலும் எங்கள் பெயர் கிடையாது. ஊசி குத்திக் கை சீழ் பிடித்தாலும் கேட்க நாதியில்லை. அக்கா கட்டைவிரலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டு தெருவே பார்க்க உட்கார்ந்து தைப்பார். உள்ளே போகச் சொன்னால், "தெக்கிற கைய நாமளே மறைச்சா சட்டத்துக்கு எப்டித் தெரியும்?" என்பார்.

தொழிலாளர் துறைக்கு மனு போட அவர் கிளம்பியபோது நான் கல்லூரியில் இருந்தேன். நாங்களும் தொழிலாளிகள்தான், எங்களைப் பதிவு செய்யுங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். பெருமை பிடிபடவில்லை.

அதிகாரி விசாரிக்க வந்த அன்று ஏஜெண்ட் முந்திக்கொண்டார். ரெய்டு வருகிறது, சரக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் இந்தத் தெருவுக்கே வேலை கிடையாது என்று கிளப்பிவிட்டார். தங்களைப் பதிய வந்த மனிதருக்குப் பயந்து எல்லோரும் சரக்கை அரிசி டிரம்மிலும் கட்டிலுக்கடியிலும் திணித்தார்கள். அது ரெய்டு இல்லை என்று எனக்குத் தெரியும். என் மனுவுக்குத்தானே அவர் வந்தார்! ஆனால் வேலை நின்றால் என் படிப்பும் நிற்கும் என்று அம்மா அழுதாள். நானும் சேர்ந்து திணித்தேன்.

அக்கா மட்டும் தன் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தார். தெரு முழுக்க இதுதான் தொழில் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு என்னைக் காட்டினார்.

"இந்தப் பொண்ணக் கேளுங்க சார். படிச்ச பொண்ணு, பொய் சொல்லாது."

"நாங்க யாரும் தெக்கிறதில்ல சார். அவங்க மட்டும் பொழுது போவாம எதுனா பண்ணுவாங்க" என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டு போனார். அக்கா வீட்டுக்கு மூட்டை வருவது நின்றது. அந்த வயதில் அவர் தோல் பதனிடும் ஷெட்டில் நாளெல்லாம் ஈரத்தில் நிற்கப் போனார். கால் இரண்டும் வெந்து புண்ணாயின. நான் பட்டம் வாங்கினேன்.

ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்துவிட்டார். நான் விலகிப் போகப் பார்த்தேன். அவர்தான் பேசினார். "வுடும்மா. மனு நல்லாத்தான் எழுதிருந்த. இன்னொரு வாட்டி எழுதித் தர்றியா?" தருகிறேன் என்றேன். தரவில்லை. பள்ளியில் வேலை ஜாஸ்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்காவின் தைரியம் எனக்கு வராது. அவர் என்னை நம்பிச் சொன்ன ஒரு சொல்தான் என்னிடம் மிச்சம், 'பொய் சொல்லாது' என்று. பாவி, அதைக் காப்பாற்ற இத்தனை காலம் எடுத்துக்கொண்டேன். கூட்டத்துக்கு வந்திருப்பவர்களே, என் அம்மா தைத்தாள். நான் தைத்தேன். நீங்களும் தைத்தீர்கள். அன்று பிலோமினா அக்கா அதிகாரியிடம் சொன்னது அத்தனையும் உண்மை, என்னைப் பற்றிச் சொன்னதைத் தவிர.