ஏலக்காய் ஊரில் ஒரு கருவாட்டுக் கூடை

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பலசரக்கு வியாபாரம்னு போடு, போதும்" என்று சிலர் சொன்னீர்கள். போட மாட்டேன். அம்மா விற்றது கருவாடு.

அம்மா பிறந்தது தூத்துக்குடி மீன்பிடித் துறையில். வள்ளங்கள் கரைசேர்ந்ததும் மணலிலேயே மீனைக் குவித்து ஏலம் கூறுவார்கள். விலைபோகாமல் மிஞ்சியதைப் பெண்கள் கீறி, உப்பிட்டு, காயவைத்து, ஓலைப்பாயில் சிப்பம் கட்டுவார்கள். இலங்கைக்கும் அங்கிருந்து கருவாடு கப்பலேறும். எந்திரப் படகுகள் வந்து துறை பெருத்தது பிறகுதான். அம்மா வளர்ந்தது பாய்மரக் காலத்தில்.

அப்பாவைக் கைப்பிடித்து, மலையடிவாரத்து ஏலக்காய்ச் சந்தை ஊரான போடிக்கு வந்தார். ஐம்பதுகளில் அப்பா காய்ச்சலில் போய்விட, மூன்று பிள்ளைகளோடு நின்ற அம்மா, பிறந்த துறையிலிருந்து ரயிலில் சிப்பம் தருவித்தார். மலையில் ஏலத்தோட்டத்துப் பெண்களுக்கு மழைக்காலத்தில் காய்கறி ஏது? கருவாடுதான் குழம்பு. அவர்களுக்கு விற்க அம்மா கூடையோடு மலையேறினார்.

ஏலக்காய் பக்கத்து வாடையை இழுத்துக்கொள்ளும். அதனால் காய் ஏற்றும் ஜீப்பில் கருவாடு கூடாதென்று ஏலக்காய் வியாபாரிகள் தடுத்தார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் மலையேற்றம் தொடங்கும் குரங்கணியில் நடைபாதையையும் மறித்தார்களே, அது அக்கிரமம்.

"ஊரைப் பகைச்சுக்கிட்டு என்ன சோலி? கூடைய எறக்கி வையி ஆத்தா" என்றார் அப்பாவைப் பெற்ற தாத்தா.

"வச்சுர்றேன் மாமா. பிள்ளைகளுக்குக் கஞ்சி யாரு ஊத்துவா, அதச் சொல்லுங்க."

மறுநாள் அம்மா கூடையோடு பாதையில் நின்றார். திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரமும் போய் நின்றார்.

செய்தி மலையேறியது. அறுவடை நேரம், விட்டால் காய் பழுத்து வெடித்துவிடும். "கருவாட்டுக்கார அக்கா வராம நாங்க செடிக்குள்ள எறங்க மாட்டோம்" என்று தோட்டத்துப் பெண்கள் கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். தடுத்த வியாபாரிகளே இறங்கிவந்து, ஏலக்காய்ச் சுமை ஏற்றாத கழுதை ஒன்றைக் கருவாட்டுக்கென்றே விட்டார்கள். அம்மா முன்னே போக, கழுதை பின்னே போனது.

நாங்கள் மூவரும் அந்தக் கூடையில்தான் படித்தோம். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. கடைசி நாட்களிலும் அம்மா கஞ்சிக்குச் சுட்ட நெத்திலிதான் கேட்டார்.

அம்மாவைப் படுக்கையில் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், சிப்பம் இறக்கிக் கொடுத்த ரயிலடித் தொழிலாளர்களுக்கும், அன்று செடிக்குள் இறங்காமல் உட்கார்ந்த மலைப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. பஸ்சிலும் சந்தையிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியவர்களுக்கும் நன்றி; நீங்கள் விட்ட வழியில்தான் அம்மா போய்வந்தார். இன்று படையலில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இருக்கிறது. எல்லாரும் இருந்து, மூக்கைப் பொத்தாமல் சாப்பிட்டுப் போங்கள்.

— மகள்