எங்கள் வீட்டு மீடியம்

என் அண்ணி மீடியம். நடுத்தர உடம்பு என்று சொல்ல வரவில்லை. மீடியம் என்றாலே அவள்தான். எங்கள் கம்பெனி தைக்கும் பெண்கள் டாப்ஸில் ‘மீடியம்’ என்று லேபிள் இருந்தால், அது என் அண்ணியின் தோள், என் அண்ணியின் மார்பு, என் அண்ணியின் இடுப்பு. அந்த லேபிளைத் தைக்கிறவள் நான். காலையிலிருந்து சாயங்காலம் வரை அண்ணியின் பட்டத்தைக் கழுத்துக் கழுத்தாகத் தைத்துத் தள்ளுவது ஒரு நாத்தனாருக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதவி அவளுக்கு ஒரு பொம்மையின் புண்ணியத்தில் வந்தது. எங்கள் சாம்பிள் ரூமில் ஒரு டம்மி இருந்தது. தலையும் கையும் கிடையாது, மற்றதெல்லாம் அளவாக இருக்கும். புது டிசைன் தைத்ததும் முதலில் அதற்குத்தான் மாட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் மாடியிலிருந்து இறக்கும்போது கைநழுவி, படிக்கட்டில் உருண்டு, இடுப்பு உடைந்துபோனது. கீழே சரக்கு வாங்க வந்தவர்கள் சாம்பிளைப் பார்க்கக் காத்திருந்தார்கள். அளவுக் காகிதம் வெட்டும் பேட்டர்ன் மாஸ்டர் தலைதெறிக்க ஓடிவந்து, நூல் வெட்டும் மேஜையில் இருந்த பெண்களை ஒரு நோட்டம் விட்டார். அண்ணி அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து, என் சிபாரிசில் அங்கே சேர்ந்திருந்தாள்.

“நீ எழுந்திரும்மா,” என்றார். டேப்பைச் சுற்றினார். மார்பு முப்பத்தாறு. தோள், இடுப்பு எல்லாம் அச்சு அசல். “அப்படியே டம்மி!” என்று கத்தினார்.

வேறு யாராக இருந்தாலும் அதைக் கேட்டு அழுதிருப்பாள். அண்ணி நிமிர்ந்தாள். அன்றைக்கு நிமிர்ந்தவள்தான், அப்புறம் எங்கள் யாருக்காகவும் குனியவில்லை.

அதன்பிறகு அவள் வேலையே அதுதான். தைத்து வருவதைப் போட்டுக்கொண்டு சாம்பிள் ரூமில் இருக்கும் பலகை மேடையில் ஏறி நிற்பாள். கையைத் தூக்குவாள், குனிவாள், உட்கார்ந்து எழுந்திருப்பாள். அக்குளில் பிடிக்கிறது, முதுகில் ஏறுகிறது என்று குற்றம் சொல்வாள். மாஸ்டர் அங்கங்கே குண்டூசி குத்திக்கொள்வார். அவளுக்கென்று ஒரு நாற்காலி, தலைக்கு மேல் தனி ஃபேன். நாங்கள் வியர்வையில் குளித்துக்கொண்டிருக்க, மகாராணி சும்மா நின்றே சம்பாதித்தாள். முதலாளி போட்டது ஒரே நிபந்தனை: உடம்பு மாறக்கூடாது. மாறினால் பழையபடி நூல் வெட்டும் மேஜை.

வீட்டில் இது பெரிய ரோதனையாகிவிட்டது. “இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோயேன்,” என்று அண்ணன் ஆசையாகச் சொன்னால், “இது என் வயிறு இல்லீங்க, கம்பெனி வயிறு,” என்பாள். ஒரு தட்டுச் சோறு, அதற்குமேல் ஒரு பருக்கை கிடையாது. சரி, அவள் தின்னாததை நாங்களாவது நிம்மதியாகத் தின்னலாமா? எதிரே உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை பெற்ற வருஷம் மட்டும் கம்பெனியில் ஒட்டுப்போட்ட டம்மியை வைத்துச் சமாளித்தார்கள். குழந்தை தவழ ஆரம்பிப்பதற்குள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, பழைய அளவோடு நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள். “உலகத்துல பாதிப் பொம்பளைங்க என் உடம்பைத்தான் போட்டுக்கிட்டுத் திரியறாங்க,” என்று அடிக்கடி சொல்வாள். தெருவில் போகிற பெண்களைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றும், எரிச்சலாக இருக்கும்.

இப்போது என் கதை. வீட்டில் எனக்குப் பாப்பா என்று பெயர். ஆளைப் பார்த்தால் சிரிப்பீர்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்காதீர்கள். எங்கள் கம்பெனி எக்ஸ்எல்லோடு நிறுத்திக்கொள்ளும், நான் அங்கே நிற்கவில்லை. அதனால் ஆண்கள் சட்டைதான் எனக்கு. கையை மடித்துவிடுவேன், மார்புப் பக்கம் பொத்தான் வாய் பிளக்காமல் ஊக்கு குத்திக்கொள்வேன், மேலே ஒரு துப்பட்டா. ஊருக்கெல்லாம் துணி தைக்கும் இடத்தில் இருந்துகொண்டு எனக்குத் துணி இல்லை.

ஒருமுறை வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “அண்ணி, மாஸ்டர்கிட்ட சொல்லி என் சைஸ்ல ஒண்ணு போடச் சொல்லக்கூடாதா?”

“நீ சார்ட்லயே இல்லையே பாப்பா,” என்றாள். சாம்பிள் ரூம் சுவரில் ஸ்மாலிலிருந்து எக்ஸ்எல் வரை அளவு எழுதித் தொங்கும் அட்டையைச் சொல்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், அவள் பார்க்கப் பார்க்க இன்னொரு தட்டுச் சோறு போட்டுக்கொண்டேன்.

வருஷங்கள் ஓடின. எனக்கு மட்டும் கண் இல்லையா? அதே ஒரு தட்டுச் சோறுதான் சாப்பிட்டாள், ஆனால் வயசானால் தண்ணீர் குடித்தாலும் ஒட்டிக்கொள்கிறது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நேராக நடந்துகொண்டிருந்தவள் பக்கவாட்டில் நுழைய ஆரம்பித்தாள். ஆனால் திங்கட்கிழமை காலையில் மாஸ்டர் டேப்பைச் சுற்றினால் முப்பத்தாறு. அடுத்த திங்கட்கிழமையும் முப்பத்தாறு. மூச்சை இழுத்துப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். மாஸ்டர் அவள் வாய்க்குப் பயந்து பொய் சொல்கிறார் என்றும் நினைத்தேன். இதற்கு நடுவே, பழுது என்று ஒதுக்கிய எக்ஸ்எல் டாப்ஸ் ஒன்றைச் சும்மா போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி இறங்கியது. ஆஹா, இளைத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டு, டீயோடு ஒரு பன் கூடுதலாகத் தின்றேன்.

விஷயம் வெளியே வந்தது கண்ணாடியம்மாவால். எங்கள் சரக்கை வாங்கி விற்கும் கடைகளுக்காகத் தரம் பார்க்க வந்தவர் அவர். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் பொத்தானை அழுத்தினால் சுருண்டுகொள்ளும் புது டேப். சாம்பிள் ரூமில் அண்ணியை நிற்கவைத்து அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார்.

“முப்பத்தெட்டு. இவங்க மீடியம் இல்லையே, லார்ஜ்,” என்றார்.

லேபிள் கட்டு வாங்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். மாஸ்டருக்கு ரோஷம் வந்தது. தன் டேப்பைச் சுற்றிக் காட்டினார். முப்பத்தாறு! கண்ணாடியம்மா இரண்டு டேப்பையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். மாஸ்டரின் முப்பத்தாறு, புது டேப்பின் முப்பத்தெட்டுக்கு நேராகப் படுத்திருந்தது.

காரணம் சுவரிலேயே இருந்தது. மாஸ்டர் வீட்டுக்குப் போகும்போது டேப்பை ஆணியில் மாட்டுவார். கத்தரிக்கோலை யாரும் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க, அதை டேப்பின் கீழ் முனையில் கட்டித் தொங்கவிடுவார். அந்த இரும்புக் கத்தரிக்கோல் இத்தனை வருஷமாக இழுத்ததில் துணி டேப் நீண்டுவிட்டது. அண்ணி வளர வளர அதுவும் கூடவே வளர்ந்திருந்தது. “பேட்டர்ன் பேப்பர் சுருங்கிப்போச்சு,” என்று வருஷா வருஷம் முனகிக்கொண்டு மாஸ்டர் எல்லா அளவையும் அதே டேப்பால் திருத்தியிருந்தார். ஸ்மாலிலிருந்து எக்ஸ்எல் வரை ஒரு சைஸ் பாக்கியில்லாமல் பெருத்துப்போயிருந்தது.

முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். புது டம்மி வந்தது, புது டேப் வந்தது. அண்ணியின் நாற்காலியில் டம்மியைச் சாய்த்து வைத்தார்கள். அண்ணியை நூல் வெட்டும் மேஜைக்கு அனுப்பினார்கள். “மீடியமா ஆனா வந்து சொல்லு,” என்றார் முதலாளி.

நிஜத்தைச் சொல்கிறேன், எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் அது நீடிக்கவில்லை. அண்ணி அந்த ஒரு தட்டுச் சோற்றையும் அரைத் தட்டாக்கினாள். சாயங்காலம் மொட்டைமாடியில் மூச்சு வாங்க நடந்தாள். வீட்டில் யாரோடும் சண்டை போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “உங்க அண்ணி என்னைத் திட்டி எத்தனை நாளாச்சு தெரியுமா?” என்று அண்ணன் என்னிடம் வந்து புலம்பினான்.

இத்தனை வருஷமாக அவள் உடுத்தியது எல்லாம் சாம்பிள். கடைக்குப் போய்த் துணி வாங்கியதே இல்லை. இப்போது சாம்பிளும் நின்றுபோனதால், என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு பெரிய கடைக்குப் போனாள். துணி மாற்றும் அறையின் திரை ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் திறக்கும். நான் வெளியே நின்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன். உள்ளே மீடியம் மார்பில் சிக்கியது. லார்ஜ் தோளிலிருந்து வழிந்தது. வேறு கம்பெனி மீடியம் தலைக்கே இறங்கவில்லை. இன்னொரு கம்பெனி ஸ்மால் சரியாக இருந்தது. “எவன்டா உங்களுக்கெல்லாம் அளவு கொடுத்தது?” என்று உள்ளேயிருந்து கத்தினாள். வெளியே வந்தபோது முடி கலைந்து, முகம் சிவந்து, கண் கலங்கியிருந்தது.

“அவளுக்கும் ஒண்ணு காட்டுங்க,” என்று என்னைக் கைகாட்டினாள். விற்கிற பெண் என்னை மேலிருந்து கீழே பார்க்க ஆரம்பித்தாள். முழுக்கப் பார்க்கக்கூட இல்லை.

“அவங்களுக்கு இங்க எதுவும் வராதுக்கா. ஜென்ட்ஸ் செக்‌ஷன் பேஸ்மென்ட்ல இருக்கு.”

எனக்கு அது புதுசில்லை. எந்தக் கடையிலும் என் கால் தானாகப் படிக்கட்டுப் பக்கம்தான் திரும்பும். அண்ணி மட்டும் அசையாமல் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என் சட்டையைப் பார்த்தாள், அதில் குத்தியிருந்த ஊக்கைப் பார்த்தாள். அந்த ஊக்கு எத்தனையோ வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

இதற்குள் புது டேப் அளவில் தைத்த டாப்ஸ் கடைகளுக்குப் போய், மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. தான் பெருத்துவிட்டதாக எந்தப் பெண்ணும் நினைக்கவில்லை. இவ்வளவு நாளாக உங்கள் மீடியம் எனக்கென்றே தைத்ததுபோல் இருந்தது, இப்போது மூச்சு முட்டுகிறது, கம்பெனி கெட்டுப்போச்சு என்று திட்டி அனுப்பியிருந்தார்கள். கண்ணாடியம்மா திரும்பவும் வந்தார். “எனக்கு அந்தப் பழைய மீடியம்தான் வேணும். உங்க டேப் என்ன சொன்னாலும் சரி,” என்றார்.

மாஸ்டர் புது டம்மிக்குக் கழிவுத் துணியைச் சுற்றிப் பெருக்கவைத்துப் பார்த்தார். அது விபத்தில் அடிபட்டுக் கட்டுப்போட்ட ஆள் மாதிரி நின்றது. எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று வாய் திறந்து சொல்லவும் அதற்குத் தெரியவில்லை. கடைசியில் முதலாளி, கையில் ஒரு முழுக் கேக்கோடு நூல் வெட்டும் மேஜைக்கே வந்தார். பின்னால் மாஸ்டர், அவருக்குப் பின்னால் கண்ணாடியம்மா. நாங்கள் எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டோம்.

அண்ணி அதற்குள் பாதியாக இளைத்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“சாப்பிடும்மா. நல்லா சாப்பிட்டுப் பழைய உடம்புக்கு வா. உன் நாற்காலி உனக்குத்தான்,” என்றார் முதலாளி.

அண்ணி கேக்கைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தள்ளிவைத்த இரண்டாவது தட்டுச் சோறெல்லாம் க்ரீம் பூசிக்கொண்டு எதிரே வந்து நிற்கிறது. நாற்காலி, ஃபேன், பட்டம் எல்லாம் ஒரு வாய் தூரத்தில். ஆனால் கையை நீட்டவில்லை.

“இவளை முதல்ல மேடையில ஏத்துங்க,” என்று என்னைக் காட்டினாள்.

எனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

“இவளையா?” என்றார் முதலாளி. “இவ சைஸ் சார்ட்லயே இல்லையேம்மா.”

“சார்ட் என்ன வானத்துல இருந்தா விழுந்துச்சு? நீங்க எழுதினதுதானே? இவளையும் எழுதுங்க. அப்ப நான் சாப்பிடறேன்.”

“யாரு வாங்குவா?”

“கடைக்குப் போய் ஜென்ட்ஸ் பக்கம் நின்னு பாருங்க சார். இவளை மாதிரி எத்தனை பேர் கூச்சத்தோட சட்டை பொறுக்கறாங்கன்னு தெரியும். எங்க பாப்பா இத்தனை வருஷமா ஊக்கு குத்திக்கிட்டு நிக்கறா, எனக்கே இப்பதான் கண்ணு தெரிஞ்சுது.”

கண்ணாடியம்மா தன் டாப்ஸின் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். “போடுங்க. நான் எடுத்துக்கறேன்,” என்றார். விற்கவா, போட்டுக்கொள்ளவா என்று யாரும் கேட்கவில்லை.

நான் மூக்கை உறிஞ்சினேன். இத்தனை வருஷம் இவளைத் திட்டிய திட்டையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாம்பிள் ரூமுக்குப் போனாள். டம்மியை நாற்காலியிலிருந்து தூக்கி மூலையில் வைத்துவிட்டு, தன் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, மடியில் கேக்கை வைத்துக்கொண்டாள். பெரிய துண்டாக வெட்டி வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

நான் மேடையில் ஏறினேன். பலகை கிறீச்சென்றது. வாசலில் கம்பெனியே கூடி நின்றது. மாஸ்டர் பளபளக்கும் புது டேப்பை என் பக்கம் நீட்டிக்கொண்டு வந்தார்.

“மூச்சை இழுக்காத பாப்பா, தாராளமா விடு,” என்றாள் அண்ணி, வாய் நிறையக் கேக்கோடு.

விட்டேன். சுவரைப் பார்த்தேன். ஆணியில் அந்தக் கிழட்டு டேப் இன்னும் கத்தரிக்கோலைத் தாங்கிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“மாஸ்டர்,” என்றேன், “எனக்கு அந்தப் பழைய டேப்பையே எடுத்துட்டு வாங்களேன்.”