டாக் என்ற பெயர்

மெர்ல்டன் என்ற அமெரிக்கச் சிற்றூரில் டாரல் ஹஸ்காவை யாரும் டாரல் என்று கூப்பிட்டதில்லை. பகலில் கோதுமைக் கிடங்கில் வேலை, மாலையில் உயர்நிலைப் பள்ளி மைதானம். இருபத்து நான்கு வருடங்களாகப் பிள்ளைகளின் கணுக்காலுக்கு டேப் சுற்றிய மனிதர். டாக்டருக்குப் படிக்காத அவரை ஊரே டாக்டர் என்பதைச் சுருக்கி 'டாக்' என்றது. மனைவி இறந்த பிறகு அவருக்கு மிஞ்சிய சொத்து அந்தப் பெயர்தான்.

அதற்கும் ஆபத்து வந்தது. தலையில் அடிபட்ட மாணவர் மறுபடி ஆடலாமா என்பதை, விளையாட்டுக் காயங்களுக்கென்று படித்து உரிமம் பெற்றவரே சொல்ல வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. அந்த வேலைக்குப் பள்ளி அமர்த்திய லியோனா டிபெட்ஸ் வந்தாள். உரிமத்தைச் சுவரில் மாட்டினாள். ஒரே மாதத்தில் பிள்ளைகள் அவளை 'டாக்' என்றார்கள். டாரலின் நெஞ்சில் அன்று பற்றிய தீ அணையவே இல்லை.

ஆகஸ்டில் லியோனா, தலையில் அடிபட்டால் வரும் மூளை அதிர்ச்சி பற்றி வகுப்பெடுத்தாள். பிறகு எல்லோருக்கும் ஞாபகசக்திச் சோதனை வைத்தாள். நாளை அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த மதிப்பெண்தான் அளவுகோல். கோல்கீப்பர் பிரென்னா வெளியே வந்து தோழியிடம் பீற்றிக்கொண்டாள்.

"வேணும்னே தப்பா எழுதினேன்டி. இப்பவே கம்மியா வாங்கிட்டா, அப்புறம் மண்டை கலங்கினாலும் யாருக்கும் தெரியாது."

துண்டு மடித்துக்கொண்டிருந்த டாரலின் காதில் அது விழுந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாட்டட்டும் உரிமக்காரி என்று உள்ளுக்குள் இனித்தது.

அக்டோபரில் ஓர் ஆட்டத்தில் பிரென்னாவின் தலை கோல் கம்பத்தில் மோதியது. லியோனா அவளை உட்காரவைத்துச் சோதித்தாள். மதிப்பெண் ஆகஸ்ட் தாளோடு அப்படியே பொருந்தியது. கோச் அவசரப்படுத்தினார். பிரென்னா எழுந்தாள்.

"டாக், என் கிளவுஸைப் பாத்தீங்களா?"

கேட்டது லியோனாவிடம். கையுறைகள் இருந்தது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த டாரலின் தொடைக்கு அடியில். அடிபட்ட பிள்ளைகளோடு அவர் வாதாடியதே இல்லை. எது இல்லாமல் ஆட முடியாதோ அதை எடுத்து ஒளித்துவிடுவார். இன்றும் கை தானாக அதைச் செய்திருந்தது.

"என்கிட்ட இருக்கு. தரமாட்டேன்," என்றார். பிறகு லியோனாவைப் பார்த்தார். "அந்த ஆகஸ்ட் தாள் பொய்ம்மா. வேணும்னே தப்பா எழுதினா. என் காதால கேட்டேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க விழறதப் பாக்கணும்னு இருந்தேன்."

லியோனாவின் முகம் வெளுத்தது. "விழப்போனது நானா? இவளா?"

டாரலின் கண்கள் நிறைந்தன. "நான் சொன்னாச் செல்லாது. நீங்க சொல்லுங்க."

பிரென்னாவுக்கு இன்று ஆட்டம் இல்லை என்று லியோனா சொன்னாள். பத்து நிமிடத்தில் பிரென்னா வாந்தி எடுத்தாள். யாரோடு ஆடுகிறோம் என்று மூன்று முறை கேட்டாள். அவள் அம்மா பார்வையாளர் படிகளில் இறங்கி ஓடிவந்தாள்.

"எம் பொண்ணக் காப்பாத்திட்டீங்க, டாக்."

டாரல் திரும்பினார். அந்தத் தாய் பற்றியிருந்தது லியோனாவின் கைகளை. லியோனா உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். சொன்னால் ஆகஸ்டில் டாரல் மறைத்ததையும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று டாரல் தலையசைத்தார்.

அப்போதும் அவருக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. கையுறைகளை மடியில் வைத்தபடி, ஆட்டம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.