நாற்பதுக்கு அடங்கிய ஜெர்மன்காரன்

மந்தைவெளிப் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்த அன்புக்கரசிக்கு 'நாப்பது' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. புதிதாக வருகிறவர்கள் வயதைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். வயது இல்லை, வேகம். பள்ளிக்கூட வண்டி நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று எஞ்சினோடு ஒரு கருவியைப் பூட்டி, யாரும் கை வைக்காதபடி சீலும் வைத்துவிடுவார்கள். டிரைவர்கள் அதைக் கவர்னர் என்பார்கள். சீல் வைத்த மறுநாளே அதற்கு வைத்தியம் பார்த்துவிடுகிற கெட்டிக்காரர்கள் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. அன்புக்கரசி பார்க்கவில்லை. கேட்டால், "வண்டில புள்ளைங்க கீறாங்க இல்ல?" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள்.

வருடா வருடம் வண்டியின் தகுதிச் சான்றிதழான எஃப்சிக்குக் காட்டப் போகும்போது வேனின் முதுகில் சிவப்பு வளையம் போட்டு, நடுவில் 40 என்று அவளே பெயின்ட் அடிப்பாள். பூஜ்யத்தை அத்தனை அழகாகப் போடுவாள். அந்த அழகுக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது. தண்ணி லாரி பின்னால் நின்று அலறும். ஷேர் ஆட்டோ பக்கத்தில் உரசிக்கொண்டு போகும். "யக்கா, எறங்கித் தள்ளு, இத்தவிட சீக்கிரம் போவும்!" என்று பைக்கில் போகிற பொடியன்கள் கத்திவிட்டுப் போவார்கள். அவளும் ஜன்னல் வழியே கையை நீட்டி, "போ நைனா, போ" என்று வழிவிட்டுக்கொண்டே இருப்பாள். அந்த நாற்பதை மதித்து அவளுக்குப் பின்னால் பொறுமையாக வந்தவர் என்று ஒருவரைக்கூட அவள் கண்டதில்லை.

முதலில் அந்த வேனை ஓட்டியவன் அவள் புருஷன் பாலு. அவனுக்கு முதுகு போன பிறகு, ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவளே லைசென்ஸ் எடுத்து உட்கார்ந்தாள். அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்துத் தூரத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோதும் வேனை விடவில்லை. விடியும் முன்பே கிளம்பி வந்துவிடுவாள். கடைசியில் வேன்தான் அவளை விட்டுப் போயிற்று. வயதாகிவிட்டது, இனி எஃப்சி கிடையாது என்றார்கள். காயலான் கடைக்குப் போனது.

அதன் பிறகு பெரும்பாக்கத்தில் ஐந்தாவது மாடி, நான்கு சுவர், ஒரு டிவி. சும்மா இருப்பது சுகம் என்று சொன்னவன் யாரோ, அவன் ஸ்டீயரிங் பிடித்ததில்லை. பாத்திரம் கழுவும்போது தட்டை இரண்டு கையாலும் பிடித்து வளைவில் திருப்புகிற மாதிரி திருப்பிக்கொண்டிருப்பாள். பாலு அதைப் பார்த்துச் சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது. கை அப்படிப் பரபரத்தது.

இப்படி இருக்கையில்தான் ஒருநாள் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில், "வேன் அக்கா!" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினால் சான்ட்ரா. சாந்தோமில் பிடி மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற காஸ்பர் சாரின் மகள். மூன்றாம் வகுப்பிலிருந்து அன்புக்கரசியின் வேனில் வந்தவள், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து இடத்துக்காக மற்ற பிள்ளைகளைக் கிள்ளுகிறவள். இப்போது திருவான்மியூர் தாண்டி ஒரு கம்பெனியில் பெரிய வேலை. அபிராமபுரத்தில் வீடு. செகண்ட் ஹேண்டில் ஒரு ஜெர்மன் கார் வாங்கியிருந்தாள். பந்தயத்துக்குப் பிறந்தது போல வளைந்து தாழ்ந்த கார்.

"ஓட்டிட்டிருந்த டிரைவர் துபாய் போயிட்டார்க்கா. ஒரு மாசமா வண்டி ஷெட்டுலயே நிக்குது. எனக்கு வழியெல்லாம் ஆபீஸ் கால். நீங்க வர்றீங்களா?"

அன்புக்கரசிக்கு நெஞ்சு ஒரு தரம் எகிறிக் குதித்தது. "நானா? அந்த வண்டியா?"

"அப்பாதான் யோசிக்கிறார். வர்ற சனிக்கிழமை கோவளம் கோயில்ல ஒரு ஞானஸ்நானம். என் அத்தையோட பேரன். அப்பாதான் ஞானத்தகப்பன். பத்து மணிக்கு அங்க இருக்கணும். நீங்க ஓட்டிக் காட்டுங்க. திங்கட்கிழமை தணிகாசலம்னு இன்னொருத்தர் வர்றார். அப்புறம் அப்பா சொல்றதுதான்."

காஸ்பர் சாரைப் பற்றி ஒரு வார்த்தை. வாழ்நாளெல்லாம் மைதானத்தில் நின்று "ஓடு, ஓடு" என்று பிள்ளைகளை விரட்டியவர். கழுத்தில் விசில் இல்லாத குறைதான், மற்றபடி இன்றைக்கும் பிடி பீரியட் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். தாமதம் என்றால் அவருக்கு ஆகாது. அதற்காகத் தலைதெறிக்க ஓட்டினாலும் ஆகாது. துபாய்க்குப் போன டிரைவர் பறக்கிறான் என்று ஒரு மாதம் புலம்பித் தீர்த்தவரும் அவரேதான்.

சனிக்கிழமை காலை அன்புக்கரசி காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். உள்ளே உட்கார்ந்ததும், "இதுல குந்தறதா, படுக்கறதா?" என்றாள். சான்ட்ரா சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் காட்டினாள். கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். வேகம் இருநூற்று ஐம்பது வரைக்கும்தான்.

"அதுக்கு மேல?"

"போகாதுக்கா. எஞ்சினுக்கு இன்னும் போற தெம்பு இருக்கு. ஆனா கம்ப்யூட்டர் அந்த இடத்துல புடிச்சிக்கும்."

"அய்ய! இதுக்கும் கவர்னர் கீதா?" அன்புக்கரசியின் முகம் மலர்ந்துவிட்டது. "தள்றது எந்தச் சக்கரம் பாப்பா? முன்னாடியா, பின்னாடியா?"

"பின்சக்கரம்க்கா."

"நம்ம வேனும் பின்னாடி தள்ற வண்டிதான். அப்ப இன்னா, சொந்தக்காரன்தான் இவன்!"

பின் சீட்டில் ஞானத்தகப்பன் வேட்டி சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த காஸ்பர், "உறவு கொண்டாடினது போதும்மா. வண்டியை எடு," என்றார்.

எடுத்தாள். அடையாறு பாலம் வரைக்கும் நெரிசல். இருநூற்று ஐம்பது போகிற கார் ஒரு பூக்கூடைக்காரிக்குப் பின்னால் ஊர்ந்தது. அதெல்லாம் அவளுக்குப் புதிதா என்ன? சந்து பார்த்து, கண்ணாடி பார்த்து, பூப்போல ஓட்டிக்கொண்டு போனாள். காஸ்பர்கூட ஒன்றும் சொல்லவில்லை. திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில் தாண்டி ஒரு மஞ்சள் ஸ்கூல் வேன் முன்னால் போயிற்று. சனிக்கிழமை வகுப்பு போலிருக்கிறது. பழைய பாசத்தில் அதன் முதுகையே பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னாலேயே போனாள். கொட்டிவாக்கத்தில் வேன் ஒரு தெருவில் திரும்பிவிட்டது. எதிரே சாலை காலியாக விரிந்து கிடந்தது.

அழுத்தினாள். கார் நாற்பதில் போயிற்று. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். நாற்பதுதான்.

முதலில் ஒரு ஷேர் ஆட்டோ முந்தியது. பிறகு தண்ணீர் கேன் ஏற்றிய குட்டி யானை வேன். பிறகு கேஸ் சிலிண்டரைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு மொபெட்டில் போன ஒருவர், ஜெர்மன் காரைத் திரும்பிப் பார்த்து, உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்பது போல் பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்.

"என்னம்மா இது?" என்றார் காஸ்பர். "வேளாங்கண்ணித் தேர்பவனி கூட இதைவிட விறுவிறுப்பாப் போகும். மணி என்ன தெரியுமா? நான் இல்லாம ஃபாதர் குழந்தை தலையில தண்ணி ஊத்திடுவார்."

சான்ட்ராவோ காதில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் கால் பேசிக்கொண்டிருந்தாள். அன்புக்கரசிக்கு முதுகெல்லாம் வியர்த்தது. கார் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அத்தனை பெரிய கார், அதற்கு என்ன குறை? குறை தன் காலில்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். நாற்பது வந்ததும் நிற்கிற கால் அது. அதற்கு மேல் மிதித்தால் டீசல்தான் வீண் என்று பதினாறு வருடம் படித்த கால். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அது காலுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. மிதிக்க வேண்டும் என்று மனசு சொன்னது. கால் அந்த இடத்திலேயே நின்றது.

நீலாங்கரையில் ஓர் இளநீர்க் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினாள். கண்ணில் நீர் முட்டியது. அழுதுவிடக் கூடாது என்று ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால முடில பாப்பா. நாப்பதுலயே என் காலு செத்துப்போச்சு. அந்தத் தணிகாசலத்தையே வெச்சிக்கோ. சார் நேரத்துக்குப் போவணும், நீயே ஓட்டிக்கினு போ."

சான்ட்ரா போனை அப்படியே வைத்துவிட்டாள். "என்னக்கா சொல்றீங்க?" என்று குனிந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்தாள். அதில் சின்னதாக ஒரு சிவப்பு வளையம். நடுவில் 40.

ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ! உங்க கால் இல்லக்கா, இது என் வேலை. பழைய டிரைவர் பறக்கிறார்னு அப்பா கத்தினார்ல? அன்னிக்கு ஒரு செட்டிங் போட்டேன். கண்ணாடி மேல கேமரா இருக்கு. ரோட்டுல ஸ்பீடு போர்டு எதைப் பார்த்தாலும் வண்டி அதுக்கு மேல போகாம தன்னைத்தானே கட்டிக்கும். போட்டதையே மறந்துட்டேன்."

"இந்த ரோட்டுல நாப்பதுன்னு போர்டு எங்க இருக்கு?" என்றார் காஸ்பர். அவர் கேட்டதும் நியாயம்தான். வழியில் இருக்கிற வேகப் பலகைகள் பாதிக்கு மேல் ஃப்ளெக்ஸ் பேனருக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன.

அன்புக்கரசி மெல்லத் திரும்பினாள். "சார்... அந்த மஞ்ச வேனு."

இளநீர்க்காரர் மூன்று காய் சீவட்டுமா என்று கேட்டதைக்கூட யாரும் காதில் வாங்கவில்லை.

"வேன் முதுகுல இருந்த போர்டைப் பார்த்துட்டா இது அடங்கிப் போச்சு?" என்றார் காஸ்பர், நம்ப முடியாமல்.

"ஆமாப்பா. ரோட்டு போர்டுன்னு நினைச்சிக்கிச்சு. இப்பவே எடுத்துடறேன். எடுக்காமலே கூடப் போகலாம், பெடலை அடி வரைக்கும் மிதிச்சா ஒரு படி மாதிரி தட்டும், அதையும் தாண்டி அழுத்தினா கட்டு விட்டுடும். வேற யாரா இருந்தாலும் எரிச்சல்ல ஓங்கி மிதிச்சிருப்பாங்க, வண்டியும் பாய்ஞ்சிருக்கும். நீங்க மிதிக்கலக்கா."

அன்புக்கரசி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிக்கச் சிரிக்கத்தான் கண்ணீர் வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டே காரின் முன்பலகையைத் தடவிக் கொடுத்தாள்.

"இத்தினி வருசம் அந்தப் போர்டை மாட்டிக்கினு ஓட்டனேன் பாப்பா. என் கையால பெயின்ட் அடிச்சி ஓட்டனேன். ஒருத்தன் மதிக்கல. எங்கியோ ஜெர்மனில பொறந்து வந்தவன் மதிக்கிறான் பாரு."

சான்ட்ரா திரையைத் தொடப் போனாள். அன்புக்கரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்காத. இருக்கட்டும். படி எங்க கீதுன்னு தெரிஞ்சி போச்சில்ல, வேணும்னா தாண்டிக்கிறேன்."

சாலைக்கு வந்தாள். பார்த்தாள், முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. காலைக் கீழே இறக்கினாள். நாற்பது வந்தது. அந்த இடத்தில் கால் வழக்கம் போல் நிற்கப் பார்த்தது. "நவுரு," என்று காலுக்கே சொல்லிவிட்டு அழுத்தினாள். அடியில் ஏதோ தட்டியது. அதையும் தாண்டி அழுத்தினாள்.

பின்சக்கரம் இரண்டும் சாலையைப் பற்றிக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளின. முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. "மரியே!" என்றார் காஸ்பர். எண்பது வந்ததும் காலைத் தளர்த்தி அங்கேயே நிறுத்தினாள். சாலை அனுமதித்தது அவ்வளவுதான், அவளுக்கும் அது போதும். பயம் இல்லை. பெரும்பாக்கத்துச் சுவர்கள் எல்லாம் பின்னால் போய்விட்டன என்று மட்டும் இருந்தது. அத்தனை சந்தோஷமாக இருந்தாள்.

கோவளத்தில் ஃபாதர் அப்போதுதான் உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார். குழந்தை வீறிட்டு அழ, ஞானத்தகப்பன் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அன்புக்கரசிக்கும் பிரியாணி கிடைத்தது.

திரும்பி வரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பாலவாக்கத்தில் அதே மஞ்சள் வேனோ வேறோ, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு முன்னால் போயிற்று. முதுகில் சிவப்பு வளையம். திரையிலும் 40 வந்து உட்கார்ந்தது. அன்புக்கரசி காலை அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டாள்.

பின்னால் ஒரு பெரிய கார் ஹாரனை விடாமல் அடித்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த காஸ்பர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"போர்டு கண்ணுல படலையா? நாப்பதுன்னு போட்டிருக்கு, பாருய்யா! உள்ள குழந்தைங்க!" மைதானம் முழுக்கக் கேட்ட குரல் அது, இன்னும் தேயவில்லை. ஹாரன் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டு மகளிடம், "அந்தத் தணிகாசலத்துக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடு," என்றார்.

வேன் டிரைவர் தன் கண்ணாடியில் பார்த்தார். பளபளவென்று ஒரு ஜெர்மன் கார், முந்தவும் இல்லை, ஹாரன் அடிக்கவும் இல்லை, தன் பின்னாலேயே வருகிறது. என்ன நினைத்தாரோ, ஜன்னல் வழியே கையை நீட்டி, போ, போ என்று வழிவிட்டார். அந்தக் கையை அன்புக்கரசிக்கு நன்றாகத் தெரியும்.

"நீ போ நைனா," என்றாள், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும். "நான் பின்னாலயே வரேன்."