பானெட்டின் வலது பாதி

தினமும் காலை ஆறரை மணிக்கு என் காரை ஒருவர் துடைக்கிறார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவரும் காசு வாங்குவதில்லை. பெயர் ஊ மாணிக்கம்; ‘ஊ’ என்பது பர்மியத்தில் பெரியவர்களுக்கான மரியாதை அடைமொழி. யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மின்விசிறிகளுக்குச் செம்புக் கம்பியில் ‘காயில்’ சுற்றிக் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவருடைய பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து இங்கே துறைமுக வேலைக்கு வந்தவர். நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆறு வருடம்தான் ஆகிறது. யாங்கோனில் கார் வாங்குவதைவிட அதை நிறுத்த இடம் பிடிப்பது கடினம். ஊ மாணிக்கம் தன் கடை வாசலையே எனக்குக் கொடுத்திருக்கிறார். நான் ஆபீஸ் கிளம்பியதும் அந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மாலை நான் திரும்பும்வரை காவல் காக்கிறார். இவ்வளவும் செய்கிறவர், ஈரமில்லாத பழைய கைலித் துணியால், முதல் நாள் தூசியோடு சேர்த்து, வட்ட வட்டமாகத் துடைக்கிறார். கார் கறுப்பு நிறம். வெயில் பட்டால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல் கீறல்கள் தெரிகின்றன.

கோவையில் என்றால் இது ஒரு நிமிட வேலை. அங்கே ஒருமுறை எதிர்வீட்டுக்காரர் என் கேட்டை மறித்து வேனை நிறுத்தினார். “அண்ணா, வண்டிய எடுங்க” என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்தார். அன்று மாலையே இருவரும் சேர்ந்து டீ குடித்தோம். இங்கே அப்படி முடியாது. ‘ஆனாடே’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது: எதிரில் இருப்பவர் மனம் சங்கடப்படுமே என்று, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்கிக்கொள்வது. முதல் இரண்டு வருடம் அந்த வழக்கத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். மூன்றாம் வருடம் அது எனக்கும் தொற்றிவிட்டது. “துடைக்காதீர்கள்” என்று சொன்னால் அவர் கோபப்படமாட்டார், சிரிப்பார். ஆனால் மறுநாளிலிருந்து என் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போவார். அதற்கு எனக்குத் துணிவில்லை.

ஆகவே மிகச் சுற்றுவழியான ஒரு முடிவுக்கு வந்தேன். பாலிஷ் மெஷின் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை நானே கீறல்களை எடுத்துவிடுவது. நாட்குறிப்பில் மூன்று வகைகளையும் எழுதி வைத்தேன். ரோட்டரி ஒரே வட்டமாகச் சுழலும், வேகமானது, கை பழகாதவன் ஓர் இடத்தில் இரண்டு விநாடி அதிகம் நிறுத்தினால் பெயின்டைச் சுட்டுவிடும். டூயல் ஆக்‌ஷன் சுழன்றுகொண்டே அசையும், நேரம் பிடிக்கும், அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும் என்பதால் காருக்கு ஆபத்து குறைவு. பேட்டரியில் ஓடுவது மின்வெட்டு ஊருக்குப் பொருத்தம்தான், ஆனால் கனமாக இருக்கிறது; ஒரு பானெட் முடிவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும் என்கிறார்கள். கியாக்டடாவில் உள்ள கருவிக் கடைக்குப் போய், அங்கிருந்த மா வின் என்ற பெண்ணிடம் எனக்குத் தெரிந்த பர்மியத்தில் விசாரித்தேன்.

“ரோட்டரி புதிதாகப் பழகுகிறவனுக்கு ஏற்றதா?”

“ஏற்றதுதான் சயா.” ‘சயா’ என்றால் இங்கே ‘சார்’.

“பெயின்ட் சுட்டுவிடும் என்கிறார்களே?”

“சுட்டுவிடும் சயா.”

“அப்படியென்றால் டூயல் ஆக்‌ஷன் வாங்கவா?”

“அதுவும் நல்லது சயா.”

எதற்கும் மறுப்புச் சொல்லாத அந்த மரியாதையில் நாற்பது நிமிடம் போயிற்று. கடைசியில், “உங்கள் தம்பியின் காருக்கு எதை எடுப்பீர்கள்?” என்று கேட்டேன். யோசிக்காமல் டூயல் ஆக்‌ஷனைக் கையில் எடுத்தாள். தேய்ப்பதற்கு ஐந்து அங்குலப் பஞ்சு பேட், கரண்டில் ஓடுவது. அதையே வாங்கினேன்.

கோவைக்குப் போன் செய்தபோது மனைவி சிரித்தாள். “ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்றதுக்குப் பயந்துட்டு ஒரு மெஷினா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?” போனை வைத்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேல்பூச்சு காகிதத்தைவிட மெல்லியது, ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் தின்றுவிடும். அவர் தினமும் கீறுவதும் நான் மாதாமாதம் தேய்ப்பதுமாகப் போனால் இரண்டு வருடத்தில் பெயின்டே மிஞ்சாது. எனவே மென்மையான மைக்ரோஃபைபர் துணி ஒன்று வாங்கி ஊ மாணிக்கத்துக்குப் பரிசாகக் கொடுத்தேன். நெகிழ்ந்துபோனார். மறுநாள் பார்த்தால் அந்தத் துணி கடைக்குள் முருகன் படத்துக்குப் பக்கத்தில், கவர் பிரிக்காமல் இருக்கிறது. காரில் அதே கைலி.

“சயா குடுத்த சாமானை அழுக்குத் தொடைக்கவா எடுப்பேன்?” என்றார். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு மீ வந்தது. மின்சாரத்துக்கு இங்கே தமிழர் வாயிலும் அதுதான் பெயர். மின்வெட்டு அட்டவணைப்படி ஐந்து மணி வரை இருக்க வேண்டும். பானெட்டின் நடுவே நீளவாக்கில் டேப் ஒட்டி, இடது பாதியை முதலில் எடுத்தேன். இரண்டு இரண்டு அடிச் சதுரமாக, கை அதிகம் அழுத்தாமல், மெதுவாக. மூன்று மணிக்கு அந்தப் பாதி மழைத் தண்ணீர்போல் தெளிந்தது. வலது பாதியில் மெஷினை வைக்கிறேன், மீ போய்விட்டது. அட்டவணையைத் திட்டிக்கொண்டு ஐந்து மணிவரை வயரைப் பிடித்தபடி நின்றேன். வரவில்லை.

திங்கள் காலை ஆறரைக்குச் சன்னல் வழியே பார்த்தேன். ஊ மாணிக்கம் கைலித் துணியோடு வந்தார், இடது பாதியைக் குனிந்து பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு வலது பாதியை மட்டும் துடைத்தார். கீழே ஓடினேன்.

“அந்தப் பக்கம் சயா கை பட்டது. அதுல நான் தொட்டா ஆனாடே சயா. இந்தப் பாதி மட்டும் நம்ம பொறுப்பு.” பெருமையாகத் தட்டிக் காட்டினார். “ரெண்டு வருசமா தொடைச்ச கை. நீங்க மெஷின் வாங்கி என்ன, நம்ம பக்கத்துக்கு என்ன குறைச்சல்?”

“குறைச்சலே இல்லீங்க” என்றேன்.

மேலே ஏறும்போதுதான் புரிந்தது. காரை முழுவதும் பாலிஷ் செய்துவிட்டால் போதும். இனி அவர் எங்கும் கை வைக்கமாட்டார். ஒரு சொல்லும் செலவழிக்காமல் என் பெயின்ட் தப்பிவிடும். அடுத்த ஞாயிறு மீ நேரத்துக்கு வந்தது, நான்கு மணிநேரம் முழுதாக இருந்தது. கை பழகியிருந்தது; கீறல் குறைவான கதவுகள், கூரை, பின்பக்கம் எல்லாவற்றையும் வேகமாக முடித்தேன். மீதம் இருந்தது பானெட்டின் வலது பாதி. நேரமும் இருந்தது. அதைத் தொடாமல், மெஷினின் பேட்டைக் கழற்றிக் கழுவிக் காயப்போட்டுவிட்டு, வயரைச் சுருட்டி வைத்தேன். என் மேல் எனக்கு வந்த எரிச்சலையும் அன்றே நாட்குறிப்பில் எழுதினேன்.

ஸ்டியரிங் வலது பக்கம். ஓட்டும்போது என் கண்ணுக்கு நேரே இருப்பது அவருடைய பாதிதான்.