பஞ்சகெந்திலிருந்து வந்த ரொட்டி

என் அக்கா மவ்லூதா பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறவள். புருஷன் சர்க்கரை வியாதியில் போன பிறகு, ஒரே மகள் நிகினாவை அடுப்படியில் நின்று நின்றே ஆளாக்கியவள். கால் எப்போதும் வீங்கிக் கிடக்கும். எங்கள் ஊரான குஜந்தில் பிறந்து வளர்ந்தும் அங்குள்ள கோட்டைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் அன்று ஊர் முழுக்கச் சுற்றினாள், என்னையும் காரையும் இழுத்துக்கொண்டு.

எல்லாம் ஸைனுராம்மாவால்தான். பஞ்சகெந்திலிருந்து தன் மகனுக்கு நிகினாவைப் பெண் கேட்டு வந்திருந்தார். அவர் பையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ரொட்டி இருந்தது. எங்கள் வழக்கப்படி, பெண்ணைப் பெற்றவள் அதைப் பிய்த்துவிட்டால் பெண்ணைக் கொடுத்தாயிற்று. நிகினாவுக்குச் சம்மதம்தான். அக்காவுக்குத்தான் மனசு வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு எப்போது பார்ப்பது? வீடு தேடி வந்தவரிடம் முடியாது என்று சொல்லவும் வாய் எழவில்லை. "முதல்ல ஊரைப் பாருங்க" என்று கிளப்பிவிட்டாள்.

கோட்டை, தர்கா, சந்தை. ஸைனுராம்மா பேச்செடுக்கும்போதெல்லாம் இவள் ஒரு தூணைக் காட்டினாள்.

"இது ரொம்பப் பழசு."

"எங்க ஊர்லயும் பழைய தூணு இருக்கு தங்கச்சி. செத்த உக்காந்து பேசலாமா?"

"இன்னும் ஆத்தைப் பாக்கலையே."

"ஆத்தை நாளைக்கும் பாக்கலாம்க்கா" என்றேன்.

"நீ வண்டிய ஓட்டு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயசான மனுஷியை வெயிலில் வதைப்பதற்குப் பதில், மூஞ்சிக்கு நேரே சொல்லித் தொலைக்கலாம்.

சிர் தரியா ஆற்றங்கரையில் வெகுதூரம் நடத்திப் போனாள். ஒரு திருப்பத்தில் ஸைனுராம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்கியது.

"கண்ண இருட்டுது."

அக்காவுக்கு அந்த நடுக்கம் தெரியும், புருஷனுக்குச் சர்க்கரை இறங்கும்போதெல்லாம் பார்த்தது. பக்கத்தில் கடை இல்லை, கார் தூரத்தில் நின்றது. ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அவர் பையைத் திறந்து ரொட்டியைப் பிய்த்து, தண்ணீரில் நனைத்து அவருக்கு ஊட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் முகத்தில் தெளிவு வந்தது. மீதி ரொட்டியை ஸைனுராம்மா பார்த்தார்.

"இத கணக்குல சேக்காத தங்கச்சி. உசுரக் காப்பாத்தப் பிச்சது. நான் ஊர்ல வாயத் தொறக்க மாட்டேன். ஒனக்கு இஷ்டமில்லன்னு காலைலயே தெரியும்."

"அப்புறம் ஏன் கூடவே நடந்தீங்க?"

"வந்த எடத்துல ஒன் மனசக் கஷ்டப்படுத்துவானேன்னுதான்."

அக்கா ஓய்ந்துபோய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பிறகு ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துத் தானும் தின்றாள். இன்னொன்றை என்னிடம் நீட்டினாள்.

"தின்னுடா. தாய்மாமன் நீ."

வாங்கிக்கொண்டேன். நிகினாவைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான். கார் வரைக்கும் நடந்தும் அந்தத் துண்டை மென்றுகொண்டேதான் இருந்தேன்.