நாலு தொண்ணூறு சொன்ன கார்

1. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சின்னப் பெட்ரோல் கார் வாங்கினேன். பாதி என் சேமிப்பு, பாதி என் சம்பளத்தின் மேல் எடுத்த கடன்.

2. அதை என் பெயரில் பதியவில்லை. அத்தை மகன் பெயரில், பொள்ளாச்சிப் பக்கம் அவர் வீட்டு விலாசத்தில், தமிழ்நாட்டு எண்ணில் பதிந்தேன். அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

3. தைக்கு முன்பே அவருடைய அப்பா இறந்துபோனார். கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

4. அந்த வருடம் முடிந்ததும் அவர் கல்யாணம் வேண்டாம் என்றார்.

5. கார் என்னிடம் இருந்தது. காரின் பெயர் அவரிடம் இருந்தது. இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன்.

6. இந்த வருடம் அப்பா அதை விற்கச் சொன்னார். சரி என்று சொல்லி ஒரு விலை வைத்தேன்.

7. மூன்று மாதம் விற்கவில்லை. பிறகு விற்றுவிட்டது.

நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே எழுதும் அறிக்கைகளும் இப்படித்தான் தொடங்கும். என்ன நடந்தது என்பது முதலில், வரிசையாக. ஏன் நடந்தது என்பது அதற்குக் கீழே, தனியாக. கீழே உள்ளதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

எங்கள் வீடு கோவிந்தாபுரத்தில். கேரள எல்லையில், செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம். அத்தை வீடு அந்தப் பக்கம், காரில் இருபத்தைந்து நிமிடம். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும். துணிமணி, நகை, நல்ல டாக்டர் எல்லாம் பொள்ளாச்சியில் இருக்கும். இந்தப் பக்கத்துப் பெண்ணை அந்தப் பக்கம் கட்டிக்கொடுப்பதாக முடிவாகிவிட்டால் பெண்ணுக்கு முன்பே பல விஷயங்கள் எல்லை தாண்டிவிடும். பேங்க் கணக்கு, ஃப்ரிட்ஜ், பீரோ. ஆதாரில் விலாசம் மாற்றிவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்தவர்களும் உண்டு. இரண்டு மாநிலத்துக்கும் இரண்டு தடவை செலவு செய்யக் கூடாது என்பதுதான் கணக்கு.

நானும் கணக்குப் போட்டேன். கேரள எண் வாங்கினால் கல்யாணம் ஆன பிறகு தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அங்கே மறுபடி வரி கட்ட வேண்டும், நம்பர் பிளேட் மாற்ற வேண்டும். ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். அவர் பெயரில் பதிவதே லாபம் என்று வந்தது. அப்பாவிடம் காட்டினேன்.

“நாளைக்கு அங்கதான கண்ணு போகப்போற? ரெண்டு செலவு எதுக்கு?” என்றார்.

அந்தத் தாளில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. கல்யாணம் நடக்காவிட்டால் என்ன என்ற வரி. அதை எழுத வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அவர் வேண்டாம் என்று சொன்னது அத்தை வீட்டு வாசலில், காரின் பக்கத்தில் நின்றுகொண்டு. அவருடைய அப்பாவின் வருடத் திதி முடிந்து நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தோம். அப்பா உள்ளே அத்தையோடு பேசிக்கொண்டிருந்தார்.

“உன்னையச் சின்னதுலருந்தே பாத்துட்டேன் புள்ள. எனக்கு வேற மாதிரி நெனைக்க வரமாட்டீங்குது.”

“இது எப்பத் தெரிஞ்சுதுங்க மாமா?”

அவர் காரின் மேல் கையை வைத்தார். “இத வாங்கறப்பவே கொஞ்சம் தெரிஞ்சுது. சொல்றதுக்குத் தைரியம் வல்லை.”

நான் சரிங்க என்றேன். வண்டியின் பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதைத்தான் கேட்க வந்தது. “அதுக்கென்ன அவசரம். உனக்கு எப்ப வேணுமோ அப்பச் சொல்லு, கையெழுத்துப் போடறேன்” என்றார். அப்பா வந்து ஏறினார். ஓட்டிக்கொண்டு வந்தேன். செக்போஸ்ட் வரைக்கும் அப்பா தேங்காய் விலையைப் பற்றிப் பேசினார். பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பெயரை மாற்ற நான் சொல்லவே இல்லை. காரணம் எளிது. பதிவுப் புத்தகத்தில் இருப்பது அவருடைய போன் எண். சர்வீஸ் தேதி நெருங்கினால் அவருக்குத்தான் செய்தி போகும். இன்சூரன்ஸ், புகைச் சான்று, பாலக்காட்டுச் சாலையில் கேமராவில் விழும் ஃபைன், எல்லாம் அவருக்குத்தான். அவர் அதை எனக்கு அனுப்பிவிடுவார். சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்காமல், வந்ததை வந்தபடி. ஒரு முறை, வேகத்துக்காக ஃபைன் வந்தபோது மட்டும் அடியில் “பாத்துப் போ” என்று இருந்தது. அதற்கு அடுத்த வாரமும் அதே கேமராவுக்கு முன்னால் வேகமாகப் போனேன். ஃபைன் வந்தது. கூட எதுவும் வரவில்லை.

என் தோழிகள் யாராவது இப்படிச் செய்தால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கார் இருக்கும்வரை, வருடத்துக்கு ஏழெட்டு முறையாவது அவர் என் பெயரைத் தேடி எடுத்து அனுப்பியாக வேண்டும். எனக்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அதை விட மனம் வரவில்லை.

சித்திரையில் அப்பா பேச்சை எடுத்தார். “ஊரான் பேர்ல இருக்கற வண்டிய எத்தன நாளைக்குக் கண்ணு ஓட்டுவ? நாளைக்கு ரோட்டுல ஒண்ணுன்னா அவன் தலைலதான் விடியும். அவனுக்குப் பொண்ணுப் பாக்கறாங்களாமா. அக்காவே போன்ல சொல்லுச்சு.”

“சரிங்கப்பா, வித்துர்லாம்.”

பழைய காரின் விலை எப்படி நிற்கிறது என்பதை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்தவரையில்: முதல் வருடம்தான் பெரிய சரிவு, ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே தொடங்கிவிடும். பிறகு வருடா வருடம் சின்னச் சின்ன சரிவு. எத்தனை கைமாறியது என்பது முக்கியம். என்னுடையது ஒரே கை. ஓடிய தூரம் நாற்பத்தாறாயிரம், வயதுக்குச் சரியானது. தமிழ்நாட்டு எண், அதனால் பொள்ளாச்சிச் சந்தையில் அலைச்சல் இல்லாமல் போகும். பின்பக்க இடது கதவில் ஒரு நசுங்கல், நான்கு டயரில் இரண்டு தேய்ந்தவை, ஏசி கொஞ்சம் மெதுவாகக் குளிரும்; இவற்றுக்கெல்லாம் கழிவு. நாம் ஆசைப்பட்டுச் செய்த எதற்கும் விலை இல்லை. வாரா வாரம் கழுவியதற்கு இல்லை. நல்ல சீட் கவருக்கு இல்லை. வாங்குகிறவனுக்கு அது தேவைப்படுகிற ஒரு வண்டி, அவ்வளவுதான்.

எல்லாம் கூட்டிக் கழித்தால் நான்கு லட்சத்துப் பத்தாயிரம் வந்தது. அங்கே இங்கே ஐயாயிரம் வித்தியாசம் இருக்கலாம், அதற்கு மேல் இருக்காது. என் வேலையே அளவெடுப்பது. இதில் நான் தவறுவதில்லை.

நான்கு லட்சத்துத் தொண்ணூறாயிரம் என்று விளம்பரம் கொடுத்தேன். அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள்.

முதலில் வந்தவர் பொள்ளாச்சித் தரகர் ஒருவர். வண்டியைச் சுற்றி வந்தார், பானெட்டைத் தூக்கினார், நசுங்கலை விரலால் தடவினார், சாவியைத் திருப்பிச் சத்தத்தைக் கேட்டார். பிறகு விலையைக் கேட்டார்.

“நாலு தொண்ணூறுங்க.”

“ஏனுங் அம்மிணி, டிக்கில ஏதாச்சும் நகைநட்டு வெச்சு விக்கறீங்களா?”

“இல்லீங்க. வண்டி மட்டுந்தான்.”

“அப்பறம் எப்படிங்க? இன்னும் கொஞ்சம் சேத்துப் போட்டாப் புதுசே மாலை போட்டு எடுத்துட்டுப் போலாமே.” அப்பா பக்கம் திரும்பினார். “பெரியவரே, நீங்களாச்சும் சொல்லுங்க.”

அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “அவ இஞ்சினியருங்க. கணக்குல தப்பமாட்டா. அவ சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்.”

அடுத்தடுத்து பதினொரு பேர் வந்து போனார்கள். ஒவ்வொரு முறையும் அப்பா அதையே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். கார் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் விலை இழந்துகொண்டிருந்தது; அதுவும் எனக்குத் தெரிந்தே நடந்தது.

ஆடி முடியும் சமயம் அவரிடமிருந்து போன் வந்தது. இரண்டு வருடத்தில் முதல் முறை. தொழிற்சாலையில் இருந்தேன். இயந்திரச் சத்தம் இல்லாத இடம் தேடி மாடிப்படிக்கு ஓடினேன்.

“புள்ள, வண்டிக்கு ஆள் இருக்குது. ஆனமலைக்காரரு, தோப்பு வெச்சிருக்கறாரு. நீ சொன்ன வெலைக்கே எடுத்துக்கறாராமா. சனிக்கெழம பொள்ளாச்சிக்கு வந்துரு. நானும் வந்து கையெழுத்துப் போட்டுர்றேன்.”

“நாலு தொண்ணூறுக்கா?”

“நீ சொன்ன வெலைக்கேதான்.”

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. விலையைத் தவிர வேறு தடையை நான் வைத்திருக்கவில்லை.

சனிக்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கூடினோம். அவர் கொஞ்சம் மெலிந்திருந்தார். “வாங்க மாமா” என்று அப்பாவைக் கும்பிட்டார், என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தோப்புக்காரர் ஐம்பது வயதிருக்கும், சிரித்த முகம். அவரிடம் வண்டியின் குறைகளைத் தட்டச்சு செய்த தாளைக் கொடுத்தேன். ஒன்பது குறை. மறைத்து விற்பது என்னால் ஆகாது. அவர் அதைக் கல்யாணப் பத்திரிகை வாங்குவதுபோல வாங்கி, படிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பானெட்டைத் திறக்கவில்லை. டயரைக் குனிந்து பார்க்கவில்லை. ஓட்டிப் பார்க்கவில்லை. பொள்ளாச்சியில் ஒரு கிலோ தக்காளியைக்கூட யாரும் அப்படி வாங்குவதில்லை.

அத்தை மகன் ஆதார் நகல் எடுக்க உள்ளே போனார். அப்பா டீ சொல்லப் போனார். நான் தோப்புக்காரரிடம் கேட்டேன்.

“வெல அதிகமுன்னு உங்களுக்குத் தோணலீங்களா?”

“எனக்கென்னுங்க அம்மிணி. நான் நாலு பத்துத்தான தர்றேன்? அதுக்கு இந்த வண்டி தாராளமாத் தகுமுங்க. மேல இருக்கற எம்பதத் தம்பி பாத்துக்கறேன்னாப்டி.” என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “உங்குளுக்குத் தெரியுமுன்னு நெனச்சனுங்க. சொல்லீருக்கக் கூடாதுங்களோ?”

“பரவால்லீங்க.”

நாலு பத்து. நான் போட்ட அதே கணக்கு. சந்தை ஐயாயிரம்கூடத் தவறவில்லை. மீதி எண்பதாயிரம் காருக்கான விலை இல்லை. அது எதற்கான விலை என்று கண்டுபிடிக்க நான் எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை, அதோடு சேர்த்து என்னை, முடித்துக்கொள்ள அவர் தரத் தயாராக இருந்த தொகை.

கடைக்குள் போனேன். ஜெராக்ஸ் இயந்திரத்தின் வெளிச்சம் அவர் முகத்தில் போய்ப் போய் வந்தது.

“எம்பதாயிரம் எதுக்குங்க மாமா?”

அவர் திரும்பவில்லை. “சொல்லீட்டாப்டியா?” பிறகு சொன்னார்: “உனக்கு நட்டம் வரக்கூடாதுன்னுதான் புள்ள. என்னால ஏற்கெனவே...”

“நட்டமே இல்லீங்க. வண்டியோட வெலையே நாலு பத்துத்தான். எனக்கு மொதல்லயே தெரியும்.”

இப்போது திரும்பினார். “தெரியுமா? தெரிஞ்சா அப்பறம் ஏன் நாலு தொண்ணூறு சொன்ன?”

பதில் இருந்தது. கடைப் பெண் நகல்களை அடுக்கித் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவர் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. நகல்களை வாங்கினார், ஒன்றைக் கீழே போட்டார், எடுத்தார். “அட புள்ள” என்றார், மிக மெதுவாக. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குப் புரிந்துவிட்டது என்று. நான் மூன்று மாதம் காப்பாற்றி வைத்திருந்த ஒரே ஒரு விஷயமும் அந்தக் கடையில் போய்விட்டது.

“அந்தப் பணம் வேண்டாங்க,” என்றேன். “நாலு பத்துக்கே முடிச்சுக்கலாம்.”

“சரி.”

“பொண்ணு அமைஞ்சிருச்சுங்களா?”

“ம். ஆவணில.”

படிவங்களை மேசையில் வைத்தார்கள். விற்பவர் என்ற இடங்களில் அவர் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கையெழுத்துப் போட ஒரு இடமும் இல்லை. தோப்புக்காரர் நாலு பத்தை என் கணக்குக்கு அனுப்பினார். அவர் சாவியை வாங்கியபோது வண்டியில் இரண்டாவது கியர் விழ ஒரு நொடி தாமதிக்கும், அழுத்த வேண்டாம், காத்திருந்தால் போதும் என்று சொன்னேன். அது தாளில் ஏழாவது குறை.

பஸ் ஸ்டாண்டில் அப்பா கேட்டார். “நாலு பத்துன்னு சொல்றாங்க? மிச்சம் எம்பது எங்க கண்ணு?”

“வண்டி அவ்வளவுதானுங்கப்பா போகும். நாந்தான் கணக்குல தப்புப் பண்ணீட்டேன்.”

“நீயா?” என்றார்.

கோவிந்தாபுரம் பஸ் வந்தது. ஜன்னலோரம் எனக்கு விட்டுவிட்டு அப்பா இந்தப் பக்கம் உட்கார்ந்தார். வழி முழுக்க ஒரு வார்த்தையும் பேசவில்லை, தேங்காய் விலையைக்கூட. பாதி தூரம் போன பிறகு தோள் துண்டை எடுத்து என் மடியில் போட்டார். அப்போதுதான் என் முகம் நனைந்திருப்பது எனக்குத் தெரிந்தது.

இப்போதைய நிலை இது. கார் தோப்புக்காரர் பெயருக்கு மாறிவிட்டது. அந்தப் பணத்தில் மிச்சக் கடனை அடைத்துவிட்டேன். அத்தை மகனுக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. அப்பா போய்வந்தார், நான் போகவில்லை. வேலைக்கு பஸ்ஸில் போகிறேன், இரண்டு பஸ் மாற வேண்டும். அவரிடமிருந்து எதுவும் வருவதில்லை. வருவதற்குக் காரணமும் இல்லை.